பன்னிரண்டே முக்கால் மணி

இரவெல்லாம் புரோட்டான்களிடம் அடிவாங்கிய தட்டு
குழாய்வழியே வந்து சேரும்போது மணி மூன்று.
துர்க்கு நகரம் பனிக்கடியில்.
உறைந்த ஔரா ஆற்றின் குறுக்கே
யாரோ சைக்கிளைத் தள்ளிப்போன ஒற்றைத் தடம்.

ஈயச் சுவருக்கு அப்பால்
இர்யாவுக்கு வேறு இரண்டு கைகள்.
முழ அகலத்துக்குத் தடித்த மஞ்சள் கண்ணாடியில் பார்த்தபடி
எஃகு விரல்களால் மூடியைத் திருகுகிறாள்.
திருகும்போதெல்லாம் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.
பதினோரு வருடமாக எனக்குத் தெரிந்தது
அவள் முதுகும்
கண்ணாடியில் விழும் அந்த நாக்கு நுனியும்.

தட்டு, தங்கம்.
அதன் மேல் பூச்சு, நிக்கல்.
அணு எடை அறுபத்து நான்கு உள்ளதை மட்டும் பொறுக்கியெடுத்தது,
தங்கத்தைக் கேலிசெய்யும் விலை.
அதற்குள் இந்த ஒரே இரவில் பிறந்திருக்கிறது செம்பு.
பொற்கொல்லர் யாரைக் கேட்டாலும்
செம்பு சேர்ந்தால் மாற்றுக் குறையும் என்பார்.
இங்கே தங்கம் வெறும் தாம்பாளம்.

சுட்ட அமிலத்தில் நிக்கல் கரைகிறது.
ஜூன் மாதத்து பிர்ச் இலையின் பச்சை.
பிசின்மணி நிறைத்த குழாயில் சொட்டுச் சொட்டாய் இறங்கி
எங்கும் நிற்காமல் ஓடிவிடும்.
அதைப் பத்திரப்படுத்துவோம்.
அமிலத்தைக் கொஞ்சம் நீர்க்க வைத்தால் கோபால்ட் வரும்.
செம்பு மட்டும் வராது.
காரம் இருக்கும்வரை பிசினைப் பற்றிக்கொண்டிருக்கும்,
காரம் தணிந்த பிறகே பிடியை விடும்,
சத்தம் போட்டால் இறுகிப்போகும் சில பிள்ளைகள் மாதிரி.

இறங்கும்போது பார்க்க ஒன்றுமில்லை.
நிறமற்ற மூன்று மில்லிலிட்டர்.
மணல் துகளொன்றின் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாத உலோகம்.
கண்ணுக்கு அழகாய்த் தெரிந்ததெல்லாம் வேண்டாதது.
கருவி மட்டும் கத்துகிறது.

பிறகு என் முறை.
என் கையெழுத்தில்லாமல் எதுவும் வாசலைத் தாண்டாது.

மருந்தின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும்
செம்பு உட்கார ஓர் இருக்கை.
இரும்போ துத்தநாகமோ முந்திக்கொண்டால்
செம்பு நின்றுகொண்டே பயணம் செய்யும்,
உடம்பில் கண்ட இடத்தில் இறங்கும்.
சொட்டெடுத்துக் கலந்து, தாள்கீற்றில் ஏற்றிப் பார்த்தேன்.
தொண்ணூற்றொன்று.
வேண்டியது தொண்ணூற்றைந்து.
மறுபடி பார்த்தேன். தொண்ணூற்றொன்றுதான்.

தம்பெரேயில் பத்து மணிக்கு ஒருவர் காத்திருப்பார்.
பெயர் தெரியாது.
படிவத்தில் ஓர் எண், ஓர் எடை:
ஐம்பத்தெட்டு கிலோ.
போன முறை அறுபத்து மூன்று.

வெளியே பத்தொன்பது டிகிரி உறைகுளிர்.
எஞ்சினை அணைக்காமல் என்சியோ உட்கார்ந்திருக்கிறான்.

"நாலுதானே குறையுது," என்றாள் இர்யா.
சொன்ன கையோடு
இல்லையென்று அவளே தலையை ஆட்டிக்கொண்டாள்.

இரும்பு எங்கிருந்து வந்தது?
இடுக்கி பிளாஸ்டிக். குப்பி கழுவியது. அமிலம் புதிது.
ஏழு மணிக்கு ஊசிப் பெட்டியைக் கவிழ்த்தோம்.
பீங்கான் பூச்சுள்ளவை தீர்ந்து, வெறும் எஃகு.
அமிலம் தொட்ட முனையில் மெல்லிய பழுப்பு.
பெட்டியின் பக்கவாட்டில்
ஏற்கத்தக்கது என்று முத்திரை, திங்கட்கிழமைத் தேதி,
கீழே கையெழுத்து.
என்னுடையது.

இர்யா அதைப் படித்தாள்.
எதுவும் சொல்லாமல் இரண்டு கோப்பை காபி கொண்டுவந்தாள்,
ஒன்றில் சர்க்கரை, நான் போடுவதைப் போல மூன்று கட்டி.
அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

வாசலில் எஞ்சின் நின்றது.
தம்பெரேக்கு நானே தொலைபேசினேன்.
"பரவாயில்லை," என்றது அந்தக் குரல்,
"வியாழக்கிழமை வரச் சொல்கிறோம்."

தோற்ற குப்பி ஈயப் பெட்டிக்குள்.
பன்னிரண்டே முக்கால் மணிக்கு ஒருமுறை பாதியாகும்.
சிறுபங்கு துத்தநாகம்.
பெரும்பங்கு, நேற்று மாலை எதுவாக இருந்ததோ
அந்த நிக்கலாகவே திரும்பிவிடும்,
யாரும் அதை எதுவும் செய்யாதது போல.

பச்சையை வற்றவைத்துத் தட்டில் மீண்டும் பூசினாள் இர்யா.
நான் ஊசிகளை எண்ணித் திருப்பி அனுப்பினேன்.

புதன் மாலை புதிய படிவம் வந்தது.
அதே எண்.
ஐம்பத்தேழரை.